பாய்லர் பக்கத்துல வச்ச பெட்டி: ஒயின் சேர்க்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

நான் முதமுதல்ல வாங்கின ஒயின் பெட்டி கெட்டுப்போனதுக்கு ஒயின் மேல தப்பில்ல, எங்க வீட்டு சுடுதண்ணி டேங்க்தான் காரணம். லண்டனுக்கு வெளிய ஒரு சின்ன ஃப்ளாட், அதுல துணி காயப்போடற அலமாரி ஒண்ணு, இருட்டா இருக்கு, யாரும் தொட மாட்டாங்கன்னு பன்னெண்டு பாட்டில் பெட்டியை அதுக்குள்ள தள்ளி வச்சுட்டு நாலு வருஷம் நிம்மதியா இருந்தேன், பக்கத்துல இருக்கற டேங்க் சூட்டுலதான் துணி அங்க காயுதுன்னு ஒரு தடவ கூட யோசிக்கல பாருங்க. ஒரு நாள் ஊர்ல இருந்து தங்கச்சி வீட்டுக்காரர் வந்திருந்தாரு, சரி மாப்ளைக்கு ஒண்ணு திறப்போம்னு எடுத்தா கார்க் ரெண்டு மில்லிமீட்டர் வெளிய தள்ளிக்கிட்டு நிக்குது. மேல இருக்கற ஃபாயிலை விரலால திருகினா சுத்தணும், இது ஒட்டிக்கிச்சு. கிழிச்சுப் பாத்தா உள்ள காஞ்ச சர்க்கரைப் பாகு மாதிரி பிசுபிசுன்னு கறை. கிளாஸ்ல ஊத்தினா செங்கல் கலரு, மோந்தா பேரீச்சம்பழத்தை வேக வச்ச தண்ணி. மாப்ள ஒரு வாய் குடிச்சுட்டு மரியாதைக்கு "நல்லாருக்கு மச்சான்"னாரு, ரெண்டாவது வாய்க்கு கிளாஸைத் தொடவே இல்ல.

பன்னெண்டு பாட்டிலும் அப்படித்தான். அன்னிக்கு இருந்து கத்துக்கிட்டதைத்தான் கீழ எழுதறேன். ஒயின்ல எந்த தோட்டம், எந்த வருஷம்னு எல்லாரும் பேசுவாங்க, ஆனா காசு போறது பெரும்பாலும் அதுல இல்ல, அது இத்தன நாள் எங்க இருந்துச்சு, யார் கையில இருந்துச்சு, அதுக்கு பேப்பர் இருக்கா, அங்கதான் போகுது.

இன்னொண்ணு, வீட்ல குடிப் பிரச்சினை இருக்கறவங்க, தனக்கே அதுல கட்டுப்பாடு இல்லன்னு தெரிஞ்சவங்க இந்தப் பக்கம் வரவே வேணாம். நூறு பாட்டிலை வச்சுக்கிட்டு பத்து வருஷம் தொடாம இருக்கறதுதான் இந்த ஹாபியே.

முதல் வேலை: குடிக்கவா, விக்கவா?

ரெண்டும்னு சொல்லாதீங்க, எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க, நானும்தான். ஆனா ரெண்டுக்கும் வாங்கற சரக்கே வேற. இங்க இங்கிலாந்து கணக்கு ஒண்ணு போட்டுக் காட்டறேன், ஏன்னா லண்டன்தான் ரொம்ப காலமா இந்த வியாபாரத்துக்கு நடுச்சந்தை, 2000ல ஆரம்பிச்ச லிவ்-எக்ஸ்ன்னு ஒயின் வியாபாரிகளுக்கான எக்ஸ்சேஞ்ச் கூட இங்கதான் இருக்கு, ஷேர் மார்க்கெட் மாதிரி அவங்க போடற இண்டெக்ஸை வச்சுதான் உலகமே விலை பேசுது.

பன்னெண்டு பாட்டில் ஒரு கேஸ் 300 பவுண்டுக்கு வாங்கறீங்கன்னு வைங்க. கிடங்கு வாடகை வருஷத்துக்கு கேஸுக்கு ஒரு 15 பவுண்ட், பத்து வருஷத்துக்கு 150. பத்து வருஷம் கழிச்சு விலை டபுள், 600. விக்கறவனுக்கு 10 சதவீதம் கமிஷன், 60 போச்சு. மிச்சம் 540ல போட்ட 300ஐயும் வாடகை 150ஐயும் கழிச்சா கையில நிக்கறது 90 பவுண்ட். விலை ரெண்டு மடங்கு ஆகி, பத்து வருஷம் காத்திருந்து, 90 பவுண்ட்! இதுக்கு பேங்க்லயே போட்டுருக்கலாம். இதே கணக்கை 3000 பவுண்ட் கேஸுக்குப் போடுங்க, வாடகை அதே 150தான், 6000க்கு வித்து கமிஷன் 600 குடுத்தாலும் 2250 மிஞ்சும். அதாவது முதலீடுன்னு இறங்கினா விலை கூடின பெட்டியில மட்டும்தான் அர்த்தம் இருக்கு, சின்ன பெட்டியில வாடகையே லாபத்தைத் தின்னுடும். சின்ன பெட்டி குடிக்கறதுக்கு, பெரிய பெட்டி விக்கறதுக்கு, நடுவுல இருக்கறது நம்மள மாதிரி ஆளுங்க மாட்டிக்கறதுக்கு.

அதோட விலை ஏறிக்கிட்டே இருக்கும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. 2008 பிப்ரவரில ஹாங்காங் ஒயின் மேல வரியை எடுத்துட்டாங்க, சீனாக்காரங்க வாங்க ஆரம்பிச்சாங்க, அதுல ஒரு கூத்து, லாஃபிட்ன்னு ஒரு பெரிய தோட்டம் 2008 பாட்டில் மேல சீன எழுத்துல எட்டுன்னு பொறிச்சு விடறோம்னு சொன்னாங்க, எட்டு அங்க ராசியான நம்பர், அவ்வளவுதான் விலை பிச்சுக்கிச்சு. 2011 நடுவுல மார்க்கெட் படுத்துச்சு, மூணு வருஷம் இறங்கிக்கிட்டே இருந்துச்சு. மறுபடி 2022 கடைசியில உச்சத்துக்குப் போய்ட்டு அடுத்த ரெண்டு வருஷமும் சரிவுதான். தங்கம் மாதிரி அவசரத்துக்கு அடகு வைக்கலாம்னு நினைக்காதீங்க, நாளைக்கே விக்கணும்னா வாங்க ஆள் இருக்க மாட்டான். பசங்க படிப்புக் காசு, வீட்டு லோன் காசு இதையெல்லாம் இதுல கொண்டு வந்து போடவே கூடாது.

ரெண்டாவது: நாக்கைப் பழக்குங்க

பழைய ஒயின் உங்களுக்குப் பிடிக்குமான்னே தெரியாம பத்து பெட்டி வாங்கறவங்க இருக்காங்க. பழைய ஒயின்ல பழ ருசி குறைஞ்சு தோல், புகையிலை, காளான், மழை பெஞ்ச மண்ணு இந்த மாதிரி வாசனைதான் வரும், சில பேருக்கு அது சுத்தமா ஆகாது, எங்க வீட்ல மோந்து பாத்துட்டு "பழைய பீரோவைத் திறந்த மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு ஜூஸுக்குப் போய்ட்டாங்க. அதுல தப்பே இல்ல, அவங்க எனக்கு எவ்வளவு காசு மிச்சம் பண்ணிக் குடுக்கறாங்க.

ஏன் வச்சிருந்து குடிக்கணும்? நாவல்பழம் தின்னா நாக்கு இழுத்துப் பிடிக்கும் பாருங்க, அந்த துவர்ப்பு, அதைத்தான் டானின்னு சொல்றாங்க. திராட்சைத் தோல்ல இருந்தும் விதையில இருந்தும், வைக்கிற ஓக் பீப்பாய்ல இருந்தும் அது வருது. புது சிவப்பு ஒயின்ல இது முரட்டுத்தனமா இருக்கும், வருஷம் போகப்போக அந்த டானின் ஒண்ணோட ஒண்ணு சேந்து கனமாகி அடியில மண்டியா படியும், மேல இருக்கறது மெத்துன்னு ஆகும். நம்ம ஊர்ல அரிசிக் கடைக்காரர் புது அரிசியை விட பழைய அரிசியை ஏன் கூட விலைக்கு விக்கறாரு? புதுசு குழஞ்சு போகும், ஒரு வருஷம் வச்சிருந்தது உதிரி உதிரியா வரும், அந்த ஒரு வருஷம் மூட்டையை வச்சுக் காப்பாத்தினதுக்கும் சேத்துதான் காசு. அதே கதைதான் இது. ஆனா எல்லா அரிசியையும் இருபது வருஷம் வச்சா வண்டுதான் மிஞ்சும். சூப்பர்மார்க்கெட்ல 8 பவுண்டுக்கு இருக்கற ஒயின் எல்லாம் வாங்கின வருஷமோ அடுத்த வருஷமோ குடிச்சு முடிக்கறதுக்குத்தான். உலகத்துல செய்யற ஒயின்ல ரொம்பக் கொஞ்சம்தான் வைக்கறதுக்கு லாயக்கு. டானின், புளிப்பு, இல்லன்னா இனிப்பு, இதுல ஒண்ணாவது தூக்கலா இருந்தாதான் அது தாங்கும்.

சோதிச்சுப் பாக்க சுலபமான வழி ஸ்பெயின். அங்க ரியோஹான்னு ஒரு பகுதி, அதுல கிரான் ரிசர்வான்னு லேபிள்ல போடணும்னா குறைஞ்சது அஞ்சு வருஷம் அவங்களே வச்சிருந்துட்டுதான் வெளிய விடணும், அதுல ரெண்டு வருஷமாவது ஓக் பீப்பாய்ல இருக்கணும். காத்திருக்கற வேலையை அவங்களே செஞ்சு குடுத்துட்டாங்க, நீங்க கடையில போய் ஒண்ணு வாங்கி அதே ஊரு புது ஒயின் ஒண்ணையும் பக்கத்துல வச்சு ரெண்டையும் மாத்தி மாத்தி குடிச்சுப் பாருங்க. பழசுதான் பிடிக்குதுன்னா மேல படிங்க. புதுசுதான் பிடிக்குதுன்னா சந்தோஷம், கட்டுரை உங்களுக்கு இதோட முடிஞ்சது.

மூணாவது: எதை வாங்கறது

ஆரம்பிக்க போர்டோதான் சரி, ஃபிரான்ஸ்ல மேற்குக் கடலோரப் பக்கம். ருசி உசத்தின்னு இல்ல, அங்க சரக்கு நிறைய, ஒரு தோட்டமே வருஷத்துக்கு லட்சக்கணக்குல பாட்டில் போடும், விலை வெளிப்படையா தெரியும், விக்கறதும் ஈஸி. ஃபிரான்ஸ்லயே இன்னொரு ஒயின் பகுதி பர்கண்டி, அதோட ருசி வேற லெவல், ஒத்துக்கறேன், ஆனா அங்க ஒரு துண்டு நிலத்துக்கு பத்து இருபது பேர் சொந்தக்காரங்க, ஒவ்வொருத்தர் செய்யறதும் ஒரு மாதிரி இருக்கும், நம்ம ஊர் பாகப்பிரிவினை பத்திரம் படிக்கற மாதிரி தலை சுத்தும். அங்க செஞ்ச 1945 ரொமானே-கோன்டி ஒரு பாட்டில் 2018ல நியூயார்க்ல சதபீஸ் ஏலத்துல 5,58,000 டாலருக்குப் போச்சு, அந்த வருஷம் அவங்க போட்டதே மொத்தம் 600 பாட்டில்தான். அதைப் படிச்சுட்டு பர்கண்டில இறங்காதீங்க, அது ஆரம்பிக்கிறவங்க குளம் இல்ல.

போர்டோல 1855ல மூணாம் நெப்போலியன் பாரிஸ் கண்காட்சிக்காக ஒரு பட்டியல் கேட்டாரு, அங்க இருந்த தரகர்கள் அதுவரைக்கும் எந்த தோட்டம் என்ன விலைக்குப் போச்சுங்கறதை வச்சு அஞ்சு தரமா பிரிச்சுக் குடுத்தாங்க, அந்தப் பட்டியல் இன்னைக்கும் ஓடுது. முதல் தரத்துல இப்ப அஞ்சு பேரு: லாஃபிட், லாதூர், மார்கோ, ஓ-பிரியான், அப்புறம் மூத்தோன். பேரு என்னமோ மூத்தோன், ஆனா கடைசியா வந்தவரு, 1973ல தான் ரெண்டாம் தரத்துல இருந்து மேல ஏத்தினாங்க. இந்த அஞ்சும் விலையைப் பாத்தா மயக்கம் வரும், விட்டுடுங்க. உங்க இடம் அஞ்சாம் தரமும், அந்தப் பட்டியல்லயே இல்லாத நல்ல தோட்டங்களும்தான். கான்டமெர்ல், ஷாஸ்-ஸ்ப்ளீன், பூஷோ, சோசியான்டோ-மல்லே, இதெல்லாம் நான் திரும்பத் திரும்ப வாங்கறது, பத்து பதினஞ்சு வருஷம் நல்லா தாங்கும், ஒரு பாட்டிலுக்கு ஒரு நல்ல ரெஸ்டாரன்ட் சாப்பாட்டு காசுதான் ஆகும்.

வருஷம் முக்கியம். 2005, 2009, 2010, 2016 எல்லாம் போர்டோல பேர் வாங்கின வருஷங்க. 2013 மழையிலயும் குளிர்லயும் அடிபட்டது, அதை வைக்கறதுல அர்த்தம் இல்ல. என் அனுபவத்துல நல்ல வருஷத்துல சின்ன தோட்டம் வாங்கறது, மோசமான வருஷத்துல பெரிய பேர் வாங்கறதை விட குடிக்க மேல். விக்கறதுக்குன்னா இது தலைகீழ், பேருதான் விலை போகும். விமர்சகர்கள் மார்க் போடறதும் இதுல சேத்தி, ராபர்ட் பார்க்கர்னு ஒரு அமெரிக்க வக்கீல் 1978ல ஒயின் பத்திரிகை ஆரம்பிச்சு நூத்துக்கு இத்தனைன்னு மார்க் போட ஆரம்பிச்சாரு, 1982 போர்டோவை ஆஹா ஓஹோன்னு எழுதினாரு, அதுல இருந்து அவர் நூறு போட்டா விலை ஏறும்னு ஆயிடுச்சு. இப்ப அவர் ஓய்வு பெற்றுட்டாரு, மார்க் போடற பழக்கம் மட்டும் ஓய்வு பெறல. விக்க வாங்கறீங்கன்னா மார்க்கைப் பாருங்க, குடிக்க வாங்கறீங்கன்னா உங்க நாக்குக்கு ஒத்துப்போற ஒரு விமர்சகரைப் புடிச்சுக்குங்க, அது போதும்.

போர்டோ தவிர ஜெர்மனியோட மோசெல் ரீஸ்லிங், வெள்ளை ஒயின்தான், ஆனா புளிப்பும் இனிப்பும் தூக்கலா இருக்கறதால இருபது வருஷம் அசால்ட்டா நிக்கும், விலையும் கம்மி, நம்ம காரசாரமான சாப்பாட்டுக்கு இதை விட ஒத்துப்போறது வேற எதுவும் எனக்குத் தெரியல. செட்டிநாட்டு கோழியோட இனிப்பு ரீஸ்லிங் குடிச்சுப் பாருங்க. துவர்ப்பு ஜாஸ்தியான சிவப்பு ஒயினை மிளகாயோட குடிச்சா ரெண்டும் சண்டை போட்டு நாக்குதான் எரியும்.

நாலாவது: எப்படி வாங்கறது

இங்க மூணு வழி. கடை, ஏலம், ஆன் பிரிமூர்.

கடையில வாங்கும்போது விலைக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க, இன் பாண்ட் விலையா, வரி கட்டின விலையா. இன் பாண்ட்னா சரக்கு அரசு அனுமதி குடுத்த கிடங்குலயே இருக்கும், வெளிய எடுக்கற வரைக்கும் டியூட்டிங்கற மது வரியும் வாட்ங்கற விற்பனை வரியும் கட்ட வேணாம். 300 பவுண்ட் இன் பாண்ட் கேஸை வீட்டுக்கு எடுக்கணும்னா பாட்டிலுக்கு சுமார் 3 பவுண்ட் டியூட்டி, 36 சேத்தா 336, அதுக்கு மேல 20 சதவீதம் வாட், ஆக மொத்தம் 403 வரும், வண்டிக் கூலி தனி. முதல் தடவ வாங்கறவங்க 300ன்னு பாத்து ஏமாந்துட்டு கடைசியில கடைக்காரன் மேல கோவப்படுவாங்க. விக்க நினைக்கற சரக்கை கிடங்குல இருந்து வெளிய எடுக்கவே எடுக்காதீங்க, ஒரு தடவ வெளிய வந்துட்டா திரும்ப பாண்டுக்குள்ள போகாது, அதுக்கப்புறம் உங்க வீட்டு அலமாரில அது எப்படி இருந்துச்சோன்னு வாங்கறவனுக்கு சந்தேகம் வரும். என்னோட அலமாரி கதை தெரிஞ்சா வரத்தான செய்யும்.

ஏலத்துல நல்ல சரக்கு சல்லிசா கிடைக்கும், ஆனா சுத்தியல் தட்டின விலை உங்க விலை இல்ல. அதுக்கு மேல வாங்கறவர் கமிஷன் இருபது, இருபத்தஞ்சு சதவீதம் இருக்கும், அதுக்கு வாட் வேற. நகைக்கடைல கிராம் விலையை மட்டும் பாத்துட்டு உக்காந்து, பில்லுல செய்கூலி சேதாரம் வந்து நிக்கும்போது முழிப்போமே, அப்படியே முழிச்சேன் நான் முதல் ஏலத்துல. இப்ப ஏலத்துக்கு முன்னாடியே எல்லாம் சேத்து எவ்வளவுன்னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதி வச்சுக்கறேன், அந்த நம்பரைத் தாண்டினா கையைத் தூக்கறதில்ல.

ஆன் பிரிமூர்னா நெல் அறுக்கறதுக்கு முன்னாடியே முன்பணம் குடுத்துப் பேசி வைக்கறது மாதிரி, ஆனா முழுப் பணமும். செப்டம்பர், அக்டோபர்ல அறுவடை, அடுத்த வசந்தத்துல வியாபாரிகளும் விமர்சகர்களும் போய் பீப்பாய்ல இருந்து எடுத்து குடிச்சுப் பாப்பாங்க, அதுக்கப்புறம் விலை விடுவாங்க, நீங்க பணம் கட்டணும், பாட்டில் கைக்கு வர சுமார் ரெண்டு வருஷம் ஆகும். ஒரு காலத்துல இதுதான் சல்லிசா வாங்கற வழி. இப்ப இல்லைங்கறது என் அபிப்பிராயம். 2010 சரக்கை ஆன் பிரிமூர்ல வாங்கின நிறைய பேரு அப்புறம் அதே ஒயின் கடையில அதை விட கம்மி விலைக்கு கிடக்கறதைப் பாத்தாங்க. லாதூர் தோட்டமே 2012 அறுவடையில இருந்து இந்த முறையில விக்கறதை நிறுத்திட்டு, குடிக்கத் தயாரானதும் வெளிய விடறாங்க. அந்த ரெண்டு வருஷத்துல வியாபாரி திவாலானா உங்க பணம் அம்போ, இது நடந்திருக்கு. பொண்ணு பிறந்த வருஷ ஒயின் வேணும், மேக்னம் பாட்டில்ல வேணும், இந்த மாதிரி தனிக் காரணம் இருந்தா மட்டும் ரொம்ப நாளா தொழில்ல இருக்கற கடையில வாங்குங்க. மேக்னம்ங்கறது ஒன்றரை லிட்டர், சாதா பாட்டிலை விட மெதுவா முத்தும், விசேஷத்துக்கு வச்சிருக்க அருமையானது.

நாலாவதா ஒரு வழியும் இருக்கு, அது உங்க ஃபோனுக்குத் தானா வரும். "சார், ஒயின்ல இன்வெஸ்ட் பண்ணா வருஷம் இத்தன சதவீதம் கேரண்டி"ன்னு இனிமையா ஒரு குரல். உடனே கட் பண்ணுங்க. ஒயின் விக்கறதை இங்க ஃபைனான்ஸ் ரெகுலேட்டர் கண்காணிக்கறதில்ல, பணம் போனா பேங்க் டெபாசிட் மாதிரி திரும்பத் தர எந்த திட்டமும் இல்ல. இல்லாத ஒயினை அடமானமா காட்டி 99 மில்லியன் டாலர் வரைக்கும் சுருட்டினாங்கன்னு அமெரிக்காவுல ஒரு கேஸே நடந்துச்சு. பாட்டிலைக் கண்ணால பாத்தவன் எவனும் இல்ல. நம்ம ஊரு ஈமு கோழி மாதிரிதான், அங்கயாவது கோழியைக் கண்ணால பாத்தாங்க.

அஞ்சாவது: எங்க வைக்கறது

இதுலதான் நான் சூடு பட்டவன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். 12, 13 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் 60ல இருந்து 70 சதவீதம். வெளிச்சம் ஆகாது. அதிர்வு ஆகாது, வாஷிங் மெஷின் பக்கத்துல வைக்காதீங்க. கார்க் போட்ட பாட்டிலை படுக்க வைக்கணும், ஒயின் கார்க்கைத் தொட்டுக்கிட்டே இருந்தாதான் அது காயாது, காஞ்சா சுருங்கி காத்து உள்ள போகும். 12 டிகிரி கிடைக்கலைன்னா கூட பரவாயில்ல, ஒரே மாதிரி 16ல இருக்கறது பகல்ல 24, ராத்திரி 12ன்னு ஏறி இறங்கறதை விட எவ்வளவோ மேல். சூடு ஏறினா ஒயின் விரிஞ்சு கார்க்கைத் தள்ளும், ஆறினா உள்ள இழுக்கும், அப்படியே பம்பு அடிக்கற மாதிரி காத்தை உள்ள இழுத்து விட்டுடும். என் பாட்டில்ல நடந்தது அதுதான். அலமாரியில ஒரு 5 பவுண்ட் தெர்மாமீட்டரை ஒரு வாரம் வச்சுப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

இருபது முப்பது பாட்டில்னா கம்ப்ரஸர் வச்ச ஒயின் ஃப்ரிட்ஜ் ஒண்ணு போதும். சமையல் ஃப்ரிட்ஜ் வேணாம், அது 4 டிகிரி, காத்தும் வறட்சி. அதுக்கு மேல போனா கிடங்கு. இங்க வில்ட்ஷயர்ல கோர்ஷம்னு ஒரு ஊரு, அங்க பழைய பாத் கல் சுரங்கம், ரெண்டாம் உலகப் போர்ல வெடிகுண்டு, தோட்டா எல்லாம் பதுக்கி வச்ச இடம், இப்ப பூமிக்கு அடியில உலகத்துப் பணக்காரங்க ஒயின் எல்லாம் அங்க தூங்குது. அது மாதிரி பெரிய இடமே வேணும்னு இல்ல, ஆனா எந்த கிடங்குல வச்சாலும் ரெண்டு விஷயம்: கணக்கு உங்க பேர்ல இருக்கணும், வியாபாரி பேர்ல இல்ல. உங்க ஒவ்வொரு பெட்டிக்கும் தனி நம்பர் குடுத்திருக்கணும், அந்த நம்பரை கிடங்குக்கே நேரா ஃபோன் பண்ணி சரிபாக்கணும். வியாபாரி மூழ்கினா இது ரெண்டும் இருக்கறவன் மட்டும் பெட்டியோட வெளிய வருவான். இன்சூரன்ஸ் வாங்கின விலைக்கா, இன்னைக்கு மார்க்கெட் விலைக்கான்னும் கேட்டுக்குங்க.

சென்னையிலயோ மதுரையிலயோ இருந்து படிக்கறவங்களுக்கு, உண்மையைச் சொல்லணும்னா வீட்ல ஃப்ரிட்ஜ் இல்லாம இதைத் தொடாதீங்க. மே மாசம் 40 டிகிரி, கரண்ட் போனா ஏசி ரூம் ரெண்டு மணி நேரத்துல அடுப்பு. ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டர்ல போட்டு வைங்க. வெளிநாட்டுல இருந்து வரும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும்தான் டியூட்டி இல்லாம, அதாவது சாதா பாட்டில் ரெண்டுதான், மூணாவது பாட்டில் கணக்கைத் தாண்டிடும். அந்த ரெண்டையும் கூட ஏர்போர்ட்ல இருந்து வர்ற வழியில கார் டிக்கில போட்டுட்டு சாப்பிட இறங்கிடாதீங்க. ஊர்ல ஒயின்ஷாப்னு போர்டு இருக்கும், உள்ள ஒயினைத் தவிர மத்ததெல்லாம் இருக்கும், அதனால அங்க போய் பழைய ஒயின் தேடற கஷ்டமும் இல்ல.

ஆறாவது: போலி

ரூடி குர்னியவான்னு ஒருத்தர், இந்தோனேஷியாவுல பிறந்து அமெரிக்காவுல இருந்தவரு, ஏலத்துல கோடி கோடியா வாங்குவாரு, விப்பாரு, பெரிய மூக்குன்னு எல்லாரும் கும்பிட்டாங்க. 2008 ஏப்ரல்ல நியூயார்க் ஏலத்துக்கு அவர் சரக்கு வருது, அதுல பொன்சோ தோட்டத்தோட க்ளோ சான்-டெனிங்கற ஒயின், 1945ல இருந்து 1971 வரைக்கும் வருஷம் போட்ட பாட்டில்கள். பர்கண்டில இருந்து லோரான் பொன்சோ பதறிப்போய் ஃப்ளைட் ஏறி வந்தாரு, ஏன்னா அவங்க குடும்பம் அந்த ஒயினை செய்ய ஆரம்பிச்சதே 1982லதான்! ஏலத்துல இருந்து எடுத்தாங்க. 2012 மார்ச்ல எஃப்பிஐ கலிஃபோர்னியாவுல ரூடி வீட்டுக்குள்ள போனா சமையல்கட்டு சிங்க்ல லேபிள் உரிக்க பாட்டில் ஊறுது, டிராயர்ல அச்சடிச்ச லேபிள், ரப்பர் ஸ்டாம்ப், பழைய கார்க். பத்து வருஷம் ஜெயில். எவ்வளவு படிச்ச மூக்கெல்லாம் ஏமாந்துச்சு பாருங்க, கடைசியில காட்டிக் குடுத்தது ருசி இல்ல, வருஷக் கணக்கு.

அதுக்கும் முன்னாடி 1985ல லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துல 1787 லாஃபிட்னு ஒரு பாட்டில், அமெரிக்க ஜனாதிபதியா இருந்த தாமஸ் ஜெஃபர்சனோடதுன்னு சொல்லி 1,05,000 பவுண்டுக்கு ஃபோர்ப்ஸ் குடும்பம் வாங்குச்சு. அந்த பாட்டிலை ஏலத்துக்குக் குடுத்த ஆள்கிட்ட இருந்து வந்த பாட்டில்கள்ல இருந்த எழுத்து மின்சாரக் கருவியால செதுக்கினதுன்னு பின்னாடி வேற ஒரு பணக்காரர் ஆளு வச்சு தோண்டி எடுத்தாரு. ஃபோர்ப்ஸ் பாட்டில் கதை இன்னும் பாவம், கண்காட்சி விளக்கு வெளிச்சத்துல நிக்க வச்சதுல கார்க் காஞ்சு உள்ளயே விழுந்துடுச்சு. என் அலமாரிக்கு ஒரு துணை கிடைச்ச மாதிரி இருந்துச்சு இதைப் படிச்சப்போ.

நமக்கு இந்த லெவல் இல்ல, 30 பவுண்ட் பாட்டிலுக்கு யாரும் லேபிள் அச்சடிக்க மாட்டான். ஆனா பழைய பாட்டில் வாங்கும்போது இதைப் பாருங்க: ஒயின் எந்த மட்டத்துல நிக்குது. கழுத்துக்குள்ள இருந்தா நல்லது, கழுத்து அடியில இருந்தா இருபது வருஷ பாட்டிலுக்கு சகஜம், தோள்பட்டைக்குக் கீழ இறங்கியிருந்தா கார்க் விட்டுடுச்சுன்னு அர்த்தம், எவ்வளவு பெரிய பேரா இருந்தாலும் வேணாம். ஃபாயில் கிட்ட ஒழுகின கறை இருக்கா, கார்க் தூக்கியிருக்கா. தோட்டத்துல இருந்து வந்த மரப்பெட்டி அப்படியே இருந்தா விலை கூடும். பழைய ரசீது, கிடங்கு ரசீது கேளுங்க. பேப்பர் இல்லன்னு இழுத்தா நீங்களும் இழுத்துக்கிட்டு வெளிய வந்துடுங்க.

ஏழாவது: நோட்டு போடுங்க

பத்து பெட்டி தாண்டினா எது எங்க இருக்குன்னு மறந்துடும். செல்லார் டிராக்கர்னு ஒரு ஆப் இருக்கு, இல்லன்னா எக்செல் ஷீட் போதும். பேரு, வருஷம், எங்க வாங்கினது, விலை, எங்க இருக்கு, எப்ப இருந்து எப்ப வரைக்கும் குடிக்கலாம். பெரும்பாலானவங்க செய்யற தப்பு சீக்கிரம் குடிக்கறது இல்ல, இன்னும் கொஞ்சம் நாள், இன்னும் கொஞ்சம் நாள்னு வச்சு வச்சு செத்துப்போன ஒயினைத் திறக்கறது. அதனால எப்பவும் ஒரே ஒயினை ஆறு பாட்டிலாவது வாங்குங்க, அஞ்சு வருஷம் கழிச்சு ஒண்ணு, அடுத்த ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஒண்ணுன்னு திறந்து ரெண்டு வரி எழுதி வைங்க. ஒரே ஒயின் வளர்றதைப் பாக்கறதுதான் இதுல இருக்கற சுகமே, ஒத்தப் பாட்டிலா பத்து வாங்கினா அது கிடைக்காது.

எட்டாவது: திறக்கறது

படுத்திருந்த பழைய பாட்டிலை முதல் நாளே நிமித்தி வைங்க, மண்டி அடிக்கு இறங்கணும். பழைய கார்க்குக்கு சுருள் ஓப்பனர் போட்டா தூள் தூளா வரும், ரெண்டு பக்கமும் தகடு இறங்கற மாதிரி ஆ-ஸோன்னு ஒரு ஓப்பனர் இருக்கு, அதை லேசா ஆட்டி ஆட்டி இறக்கி திருகி எடுக்கணும், முத தடவ கார்க்கை உள்ள தள்ளிடுவீங்க, பரவாயில்ல, காபி ஃபில்டர் பேப்பர்ல வடிச்சுக்கலாம். டிகாண்டர்ங்கற கண்ணாடிக் குடுவையில ஊத்தும்போது பாட்டில் கழுத்துக்குப் பின்னாடி செல்ஃபோன் டார்ச்சை வைங்க, டபரால டிகாஷன் வடிக்கற மாதிரி ஆட்டாம ஒரே சீரா ஊத்துங்க, கருப்பு கோடு மாதிரி மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திடுங்க. முப்பது வருஷ ஒயினை மணிக்கணக்கா டிகாண்டர்ல விடாதீங்க, காத்து பட்டு அப்படியே சரிஞ்சுடும், இளசுக்குத்தான் அந்த நேரமெல்லாம்.

ஈரமான அட்டைப்பெட்டி, நனைஞ்ச நாய் வாசனை வந்தா அது கார்க் கெட்டது, டிசிஏன்னு ஒரு ரசாயனம். நீங்க வச்சதுல தப்பில்ல, கார்க்லயே வந்தது. புதுசா வாங்கினதுன்னா நிறைய கடையில திரும்ப எடுத்துப்பாங்க, கூச்சப்படாம கேளுங்க.

விக்கறதுன்னா

வாங்கின கடையிலயே புரோக்கிங், அதாவது உங்க சரக்கை அவங்களே வித்துக் குடுக்கறது, இருக்கான்னு முதல்ல கேளுங்க, கமிஷன் பத்து சதவீதம் அக்கம்பக்கம். முழுப் பெட்டியாத்தான் நல்ல விலை போகும், ஒரு பாட்டிலை குடிச்சுட்டு பதினொண்ணை விக்க போனா ஆளு முகம் சுழிப்பான். வரி விஷயத்துல இங்க ஐம்பது வருஷத்துக்கு மேல தாங்காத ஒயினை தேய்மானப் பொருளா எடுத்துக்கிட்டு லாபத்துக்கு வரி இல்லன்னு விடறது உண்டு, ஆனா ரொம்ப உசந்த ஒயினும் போர்ட்ங்கற இனிப்பு ஒயினும் அதுக்கு மேலயும் தாங்கும்ல, அங்க வரி ஆபீஸ் கேள்வி கேப்பாங்க, ஆடிட்டரைக் கேட்டுட்டு செய்ங்க.

நான் இதுவரைக்கும் வித்தது ரெண்டே பெட்டி, அதுல ஒண்ணுல லாபம் வந்துச்சு, அந்தக் காசுலயும் ரியோஹாதான் வாங்கினேன். போன தீபாவளிக்கு மாப்ள மறுபடி வந்தாரு. 2005 கான்டமெர்ல், கிடங்குல இருந்து நேரா வந்தது, முதல் நாளே நிமித்தி வச்சு, மண்டி இல்லாம வடிச்சு ஊத்தினேன். ஒண்ணும் பேசல மனுஷன், கிளாஸைக் காலி பண்ணிட்டு பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிச்சாரு, அப்புறம் "மச்சான், இதுல இன்னும் எத்தன வச்சிருக்கீங்க?"ன்னாரு. நாலுன்னேன். ஷீட்டுல அஞ்சுன்னு இருக்கு.